லேப்டாப்போடு வந்த ரெகவரி, செட்டப் ஃபைல்கள்: எதை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது

பெங்களூருக்கு வேலைக்கு வந்து, பிஜியில் (பேயிங் கெஸ்ட் விடுதியில்) ஒரு கட்டிலும் பாதி அலமாரியும் கிடைத்து, முதல் சம்பளத்திலோ அப்பா கொடுத்த பணத்திலோ லேப்டாப் வாங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெட்டியில் 512 ஜிபி என்று போட்டிருக்கும், திறந்து பார்த்தால் 476 என்று காட்டும், சி டிரைவில் அதைவிடவும் குறைவு. மீதி எங்கே போனது என்று விசாரித்தால் பக்கத்து ரூம்காரர் யாராவது "ரெகவரி பார்டிஷன் சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கு, தூக்கிடு" என்பார். ரெகவரி பார்டிஷன் என்பது விண்டோஸ் கெட்டால் சரிசெய்ய டிஸ்கில் தனியாகப் பிரித்துவைத்த பகுதி. தூக்க வேண்டாம், குறைந்தபட்சம் இன்றைக்கு வேண்டாம்.

512-க்கும் 476-க்கும் நடுவில் காணாமல் போன 36 ஜிபியை யாரும் எடுக்கவில்லை. தயாரிப்பாளர் ஒரு ஜிபியை நூறு கோடி பைட் என்று எண்ணுகிறார், விண்டோஸ் 1024-ஐ மூன்று முறை பெருக்கி எண்ணுகிறது, ஒரே எஸ்எஸ்டி (லேப்டாப்பின் சேமிப்பு டிஸ்க்) இரண்டு எண்ணாகத் தெரிகிறது, அவ்வளவுதான். ரெகவரிக்கென்று உண்மையில் ஒதுக்கியிருப்பது லேப்டாப்பைப் பொறுத்து ஒரு ஜிபிக்குள்ளும் இருக்கலாம், இருபது ஜிபி பக்கமும் இருக்கலாம். உங்கள் டிஸ்க் நிரம்பி வழிகிறதென்றால் காரணம் பெரும்பாலும் அது இல்லை.

முதலில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்தால் வரும் பட்டியலில் டிஸ்க் மேனேஜ்மென்ட் என்று இருக்கும். திறந்து பாருங்கள். கீழே உங்கள் எஸ்எஸ்டி ஒரு நீளப் பட்டையாக, துண்டு துண்டாகத் தெரியும். சும்மா பார்ப்பதால் எதுவும் ஆகிவிடாது, பயப்பட வேண்டாம்.

இடது ஓரத்தில் 100 எம்பி முதல் 260 எம்பி வரை ஒரு சின்னத் துண்டு, இஎஃப்ஐ சிஸ்டம் பார்டிஷன் என்று எழுதியிருக்கும். லேப்டாப்பை ஆன் செய்ததும் விண்டோஸ் எங்கே இருக்கிறது என்று சொல்வது இதுதான், இது போனால் விண்டோஸ் நல்லபடியாக இருந்தும் திறக்காது. அதற்கடுத்து 16 எம்பியில் விண்டோஸ் தனக்கென்று வைத்துக்கொள்ளும் ஒரு பகுதி உண்டு, இந்தத் திரையில் அது தெரியவே தெரியாது. பிறகு பெரிய துண்டாகச் சி டிரைவ். அதற்கு வலப்புறம் 500 எம்பி முதல் ஒரு ஜிபிக்குக் கொஞ்சம் மேல் வரை ரெகவரி பார்டிஷன் என்று ஒன்று. இதில்தான் விண்டோஸ் திறக்காதபோது வரும் அந்த நீலத் திரை, ரிப்பேர் கருவிகள் எல்லாம் இருக்கின்றன. சில லேப்டாப்களில் இதையும் தாண்டி 10, 15, 20 ஜிபி அளவில் இன்னொரு ரெகவரி பார்டிஷன் இருக்கும். அது லேப்டாப் கம்பெனி வைத்தது, தொழிற்சாலையில் இருந்து வந்த நிலைக்கே திருப்ப.

இந்தப் பெரிய பகுதி இப்போது வரும் எல்லா லேப்டாப்களிலும் இருப்பதில்லை. விண்டோஸ் 10 வந்ததிலிருந்து ரீசெட் செய்வதற்குத் தனியாக ஒரு முழுப் பிரதி தேவையில்லை, சி டிரைவுக்குள் இருக்கிற தன் சொந்த ஃபைல்களிலிருந்தே விண்டோஸ் தன்னைப் புதிதாகக் கட்டிக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான், இடமும் மிச்சம். ஆனால் இதன் மறுபக்கத்தைப் பலர் யோசிப்பதில்லை: சி டிரைவ், ரெகவரி பார்டிஷன், கம்பெனி வைத்த பிரதி எல்லாமே ஒரே எஸ்எஸ்டியில்தான் இருக்கின்றன. மாற்றுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்தது மாதிரி. விண்டோஸ் மட்டும் குழம்பினால் அவை காப்பாற்றும். எஸ்எஸ்டியே செத்துப்போனால் எல்லாம் சேர்ந்து போகும். (போட்டோக்களை "டி டிரைவில் போட்டிருக்கேன், பத்திரமா இருக்கு" என்பவர்களுக்கும் இதே பதில்தான்.)

எதையும் தொடும் முன் பிட்லாக்கர் கீ

இப்போது வரும் விண்டோஸ் 11 லேப்டாப்களில், ஹோம் பதிப்பாக இருந்தாலும்கூட, மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்நுழைந்ததுமே டிஸ்க் தானாகப் பூட்டப்பட்டுவிடும் வாய்ப்பு அதிகம். உங்களிடம் பெரிதாகக் கேட்கவும் செய்யாது. பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருளில்) ஏதாவது மாற்றினாலோ ரெகவரி திரைக்குள் போய்ச் சிலவற்றைத் தொட்டாலோ, அந்தப் பூட்டைத் திறக்க பிட்லாக்கர் கீ என்ற 48 இலக்க எண் ஒன்றைத் திடீரென்று கேட்கும். அந்த நேரத்தில் இல்லையென்றால் உள்ளே இருக்கும் உங்கள் ஃபைல்கள் உங்களுக்கே கிடைக்காது, கடைக்காரராலும் முடியாது, சர்வீஸ் சென்டராலும் முடியாது.

செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதிக்குள் டிவைஸ் என்கிரிப்ஷன் (அந்தப் பூட்டின் பெயர்) ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பிரவுசரில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, டிவைசஸ் பகுதியில் உங்கள் லேப்டாப்பின் கீழே பிட்லாக்கர் கீ இருக்கும், அதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். போனில் படமும் எடுக்கலாம், ஆனால் தாள்தான் நல்லது. அந்த லேப்டாப்பிலேயே நோட்பேடில் சேமிப்பவர்களும் இருக்கிறார்கள், என்ன சொல்ல.

பென்டிரைவ் வாங்குவதிலிருந்து

எஸ்எஸ்டி செத்தாலும் விண்டோஸை மறுபடி போட உதவும் பென்டிரைவ்தான் ரெகவரி டிரைவ். அதைச் செய்ய 16 ஜிபி பென்டிரைவ் குறைந்தபட்சம், 32 இருந்தால் நிம்மதி. பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்பி ரோட்டுக்குப் போகிறீர்கள் என்றால் நடைபாதையில் மலிவாகக் கிடைக்கும் 128 ஜிபி, 256 ஜிபி எல்லாம் பார்த்து ஏமாற வேண்டாம், உள்ளே எட்டு ஜிபி சிப்பை வைத்துவிட்டு வெளியே பெரிய எண்ணைக் காட்டும் போலிகள் உண்டு. அவற்றில் காப்பி ஆகிவிட்டதாகவே காட்டும், திறக்கும்போதுதான் ஃபைல் கெட்டுப்போயிருப்பது தெரியும். ரெகவரி டிரைவ் என்பது அவசரத்துக்கு எடுக்கிற பொருள், அதில் போய் இந்த விளையாட்டு வேண்டாம். ஜிஎஸ்டி பில் தருகிற கடையில், தெரிந்த பிராண்டு வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை போனால் அங்கே பல கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே முடித்துவிடுவது உத்தமம்.

அப்புறம் செய்முறை. சார்ஜரைச் செருகுங்கள், கரண்ட் போகிற ஏரியாவாக இருந்தால் பேட்டரியும் நிரம்பியிருக்கட்டும். பென்டிரைவில் வேறு ஏதாவது இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள், மொத்தமாக அழிந்துவிடும். ஸ்டார்ட்டில் ரெகவரி டிரைவ் என்று தேடினால் விண்டோஸின் சொந்தக் கருவி வரும். திறந்ததும் சிஸ்டம் ஃபைல்களையும் இதில் சேர்க்கவா என்று ஒரு டிக் இருக்கும், அதை எடுத்துவிடாதீர்கள். அந்த டிக் இல்லாமல் செய்தால் ரிப்பேர் கருவிகள் மட்டும்தான் போகும், விண்டோஸை மறுபடி போட முடியாது. பிறகு பென்டிரைவைத் தேர்ந்தெடுத்து கிரியேட் கொடுங்கள். ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம், நடுவில் நின்றுவிட்டது போலத் தெரிந்தாலும் பிடுங்காமல் போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

இதில் உங்கள் படங்களோ சான்றிதழ்களோ போகாது. அவற்றுக்குத் தனி பேக்கப் வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை இதைப் புதிதாகச் செய்யச் சொல்லி மைக்ரோசாஃப்டே பரிந்துரைக்கிறது, அதற்குள் விண்டோஸ் நிறைய அப்டேட் ஆகியிருக்கும்.

லேப்டாப்புக்குள் இருந்த ரெகவரி பார்டிஷனே ஏற்கெனவே போய்விட்டது, அல்லது எஸ்எஸ்டி மாற்றியாகிவிட்டது என்றால் வேறு வழி உண்டு. எச்பிக்கு கிளவுட் ரெகவரி டூல், டெல்லுக்கு ஓஎஸ் ரெகவரி டூல், லெனோவோவுக்கு டிஜிட்டல் டவுன்லோட் ரெகவரி சர்வீஸ் என்று கம்பெனிகளே தொழிற்சாலைப் பிரதியைத் தருகின்றன. எல்லா மாடலுக்கும் இருக்காது. லேப்டாப்பின் அடியில் இருக்கும் சீரியல் நம்பரோ சர்வீஸ் டேகோ கேட்கும், அந்த ஸ்டிக்கர் தேய்ந்துபோவதற்குள் படம் எடுத்து வையுங்கள். நண்பரின் லேப்டாப்பில் இருந்தும் இவற்றைச் செய்யலாம். எதுவும் இல்லையென்றால் விண்டோஸை இறக்கிப் பென்டிரைவில் போடும் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல், எட்டு ஜிபி பென்டிரைவ் போதும்.

ஆனால் இந்தக் கடைசி வழியில் ஒரு சிக்கல். இன்டெல் 11-ஆம் தலைமுறையிலிருந்து வந்த பல லேப்டாப்களில் எஸ்எஸ்டியை விஎம்டி என்ற ஒரு ஏற்பாட்டின் வழியாக இணைத்திருக்கிறார்கள். மைக்ரோசாஃப்டின் வெறும் பென்டிரைவில் பூட் செய்து (அதிலிருந்தே லேப்டாப்பைத் தொடங்கி) விண்டோஸ் போடப்போனால், டிஸ்க் எதுவுமே இல்லை என்று காலிப் பட்டியல் காட்டும். இதைப் பார்த்துவிட்டு எஸ்எஸ்டி போய்விட்டது, புதிது வாங்க வேண்டும் என்று முடிவு கட்டியவர்கள் உண்டு, அப்படிச் சொல்லி விற்கிற கடைகளும் இருக்கலாம். எஸ்எஸ்டி நன்றாகத்தான் இருக்கும். இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை (டிரைவர் என்றால் ஒரு பாகத்தை விண்டோஸ் இயக்கத் தேவையான மென்பொருள்) உங்கள் லேப்டாப் கம்பெனியின் சப்போர்ட் பக்கத்திலிருந்து இறக்கி, பிரித்து, அதே பென்டிரைவில் ஒரு ஃபோல்டரில் போட்டுவைத்தால், அந்தக் காலிப் பட்டியல் திரையில் லோட் டிரைவர் கொடுத்து அதைக் காட்டலாம், டிஸ்க் வந்துவிடும். கூடவே வைஃபை டிரைவரையும் போட்டுவையுங்கள், ஏனென்றால் விண்டோஸ் 11 ஹோம் முதல்முறை திறக்கும்போதே இணையம் கேட்கும், வைஃபை டிரைவர் இல்லாவிட்டால் அந்தத் திரையிலேயே நிற்க வேண்டியதுதான். உங்கள் மெஷினிலேயே செய்த ரெகவரி டிரைவில் இந்தத் தலைவலிகள் பொதுவாக வராது. அதனால்தான் லேப்டாப் நன்றாக ஓடும்போதே அதைச் செய்யச் சொல்கிறேன்.

சி டிரைவில் கிடக்கும் செட்டப் ஃபோல்டர்கள்

இங்கேதான் இடம் மிச்சமாகும். சி டிரைவைத் திறந்ததும் எச்பியில் எஸ்டபிள்யூ செட்டப், டெல்லில் டெல், ஏசரில் ஓஇஎம், ஏசுஸில் ஈ-சப்போர்ட், பொதுவாக இன்டெல் அல்லது ஏஎம்டி என்று ஃபோல்டர்கள் தெரியலாம். பெரும்பாலும் டிரைவர்களை நிறுவப் பிரித்துப்போட்ட செட்டப் ஃபைல்கள். டிரைவர் ஏற்கெனவே விண்டோஸுக்குள் போய்விட்டது, இவை அதன் காலிப் பெட்டிகள். இருந்தாலும் அழிக்கும் முன் ஒரு பென்டிரைவிலோ வெளி ஹார்ட் டிஸ்கிலோ காப்பி எடுத்துவிட்டு அழியுங்கள், நாளைக்கு வைஃபை டிரைவர் தேடும்போது இணையம் இல்லாத லேப்டாப்பில் இதுதான் கைகொடுக்கும். இன்டெல், ஏஎம்டி ஃபோல்டர்களை யோசிக்காமல் அழிக்கலாம்.

விண்டோஸ்.ஓல்ட் என்று ஒன்று பத்து, இருபது ஜிபியில் இருந்தால், பெரிய அப்டேட் ஒன்று வந்திருக்கிறது, பிடிக்கவில்லையென்றால் திரும்பிப் போக பழையதை வைத்திருக்கிறது என்று பொருள். பத்து நாளில் தானாகப் போய்விடும். அவசரமென்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று போய் அங்கிருந்து நீக்குங்கள், நேராக ஃபோல்டரைப் பிடித்து டெலீட் அடிக்க வேண்டாம். டாலர் குறியில் தொடங்கும் அப்டேட் ஃபோல்டர்களுக்கும் இதே வழிதான். அந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: டவுன்லோட்ஸ் என்று ஒரு டிக் பெட்டியும் அதில் இருக்கிறது. எல்லாவற்றையும் டிக் செய்து நீக்கினால் நீங்கள் இறக்கிவைத்த ஆஃபர் லெட்டரும் சேர்ந்து போகும், ரீசைக்கிள் பின்னிலும் கிடைக்காது.

தொடவே கூடாதவை: விண்டோஸுக்குள் இருக்கும் இன்ஸ்டாலர் ஃபோல்டர், வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டர், சி டிரைவில் மறைந்திருக்கும் ரெகவரி ஃபோல்டர். பெயரைப் பார்த்து பழைய இன்ஸ்டாலர்கள்தானே என்று முதலாவதை அழித்தால், அப்புறம் பல மென்பொருள்களை ஒழுங்காக நீக்கவும் முடியாது, அப்டேட் செய்யவும் முடியாது. வின்எஸ்எக்ஸ்எஸ்தான் ரீசெட் செய்யும்போது விண்டோஸ் தன்னைக் கட்டிக்கொள்ள எடுக்கும் சரக்கு. ரெகவரி ஃபோல்டரில் கம்பெனி சேர்த்த மென்பொருள்களின் தொகுப்பு இருக்கும்.

ஆன்டிவைரஸ் ட்ரையல், விளையாட்டுகள் போன்றவற்றை ஆப்ஸ் பட்டியலில் போய் அன்இன்ஸ்டால் கொடுங்கள், பேச்சே இல்லை. ஆனால் லேப்டாப்போடு ஆஃபீஸ் வந்திருந்தால், அதை முதலில் திறந்து உங்கள் சொந்த மின்னஞ்சல் கணக்கில் பதிந்துகொள்ளுங்கள். நீங்கள் காசு கொடுத்து வாங்கியதில் அதுவும் ஒன்று. கணக்கில் ஏறிவிட்டால் எத்தனை முறை ஃபார்மட் அடித்தாலும் மறுபடி இறக்கிக்கொள்ளலாம்.

சரி, அந்தப் பார்டிஷனை அழிக்கலாமா

டிஸ்க் மேனேஜ்மென்டில் ரெகவரி பார்டிஷன் மேல் ரைட் கிளிக் செய்தால் ஹெல்ப் மட்டும்தான் வரும், டெலீட் வராது. வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள். கட்டளைத் திரையில் டிஸ்க்பார்ட் என்ற கருவி வழியாக வலுக்கட்டாயமாக அழிக்க முடியும், ஆனால் அங்கே டிஸ்க் எண்ணையோ பார்டிஷன் எண்ணையோ ஒன்று தப்பாகக் கொடுத்தால் "நிச்சயமா?" என்றுகூடக் கேட்காது. இன்னொன்று, சி டிரைவைப் பெரிதாக்க வேண்டுமென்றால் காலியிடம் அதற்கு வலப்புறம் ஒட்டினாற்போல் இருக்க வேண்டும். கம்பெனியின் பெரிய பார்டிஷன் பெரும்பாலும் கடைசியில் இருக்கும், நடுவில் அந்தச் சின்ன ரெகவரி பார்டிஷன் உட்கார்ந்திருக்கும். அழித்த பிறகும் அந்த 15 ஜிபி சி டிரைவோடு சேராமல் தனியாகக் கிடக்கும்.

256 ஜிபி எஸ்எஸ்டியில் மூச்சுமுட்டுகிறது, பென்டிரைவில் எடுத்தாகிவிட்டது, அதில் ஒருமுறை பூட் செய்தும் பார்த்தாயிற்று என்றால் பெரிய பார்டிஷனை மட்டும், விவரம் தெரிந்த நண்பரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அழிக்கலாம். சின்னதை விட்டுவிடுங்கள். அதைப் பெரிதாக்க வேண்டிய நிலைகூட வந்திருக்கிறது: 2024 ஜனவரியில் விண்டோஸ் 10-க்கு வந்த ஒரு பாதுகாப்பு அப்டேட், அந்தப் பார்டிஷனில் 250 எம்பி காலியிடம் இல்லாத கணினிகளில் ஏறாமல் 643 என்று முடியும் பிழை எண்ணைக் காட்டிக்கொண்டே இருந்தது. என்னைக் கேட்டால், இடம் வேண்டுமென்றால் 512 ஜிபி எஸ்எஸ்டியாக மாற்றுவதுதான் சரி.

விண்டோஸ் படுத்துவிட்டால்

திறக்கிறது, ஆனால் ஒழுங்காக இல்லை என்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரி. அங்கே விண்டோஸ் அப்டேட் மூலம் சரிசெய்யும் ரீஇன்ஸ்டால் நவ் பட்டன் புதிய விண்டோஸ் 11-இல் இருக்கிறது. மென்பொருள், ஃபைல், செட்டிங்ஸ் எதுவும் போகாமல் விண்டோஸை மட்டும் மேலே மறுபடி போடும். முதலில் அதை முயலுங்கள். சரியாகாவிட்டால் ரீசெட். அதில் கீப் மை ஃபைல்ஸ் என்பதைப் பார்த்து எல்லாம் அப்படியே இருக்கும் என்று நினைக்க வேண்டாம், உங்கள் ஃபைல்கள் இருக்கும், நீங்கள் நிறுவிய மென்பொருள்கள் போய்விடும். அடுத்து கிளவுட் டவுன்லோடா, லோக்கலா என்று கேட்கும். விண்டோஸ் ஃபைல்களே கெட்டிருக்கலாம் என்று சந்தேகமிருந்தால் கிளவுட், ஏறக்குறைய நான்கு ஜிபி இறங்கும்.

திறக்கவே இல்லை என்றால், தொடர்ந்து சில முறை பூட் ஆகாமல் போனதும் நீலத் திரை தானாக வரும். எச்பியில் ஆன் செய்ததும் எஃப்11-ஐத் தட்டலாம், ஏசரில் ஆல்ட்டோடு எஃப்10, டெல்லில் எஃப்12 அழுத்தி சப்போர்ட்அசிஸ்ட் ஓஎஸ் ரெகவரி, லெனோவோ ஐடியாபேடுகள் பலவற்றில் பக்கவாட்டில் ஊசித்துளை அளவில் நோவோ பட்டன். பிஜி வைஃபை பற்றி ஒரு வார்த்தை: போன் நம்பர் போட்டு ஓடிபி கேட்கிற பக்கம் திறந்தால்தான் நெட் வரும் என்கிற வைஃபை இந்த நீலத் திரையில் வேலைக்காகாது, அங்கே பிரவுசர் கிடையாது. போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, டேட்டா இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

கடையில் கொடுப்பதாக இருந்தால் வாயைத் திறந்து சொல்லுங்கள். "ஓஎஸ் போட்டுக் கொடுங்க" என்று மட்டும் சொன்னால் சில இடங்களில் எல்லாப் பார்டிஷனையும் துடைத்துவிட்டு கிராக் செய்த ப்ரோ பதிப்பைப் போட்டுக் கொடுத்து, அதற்குக் காசும் வாங்கிக்கொள்வார்கள். விண்டோஸ் 8 காலத்திலிருந்தே லேப்டாப்போடு வரும் கீ பயாஸுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. ஹோம் வந்த லேப்டாப்பில் ஹோமையே போட்டால் கீ கேட்காமல் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும்.

ரீஃபர்பிஷ்டு வாங்கியிருக்கிறீர்களா, அல்லது வாங்கப்போகிறீர்களா

ஐடி கம்பெனிகள் கழித்துவிட்ட லேப்டாப்கள் பெங்களூரில் தாராளமாகக் கிடைக்கும், பல நல்ல சரக்கும்கூட. அவற்றில் தொழிற்சாலை ரெகவரி இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், கம்பெனி ஐடி ஆட்கள் முதல் நாளே துடைத்திருப்பார்கள். ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து பாருங்கள், டிஜிட்டல் லைசென்ஸ் என்று இருந்தால் சரி, உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை மூலம் என்று இருந்தால் கடைக்காரர் ஏதோ குறுக்குவழியில் போட்டிருக்கிறார்.

அதைவிட முக்கியமானது ஆட்டோபைலட், அதாவது கம்பெனிகள் தங்கள் லேப்டாப்களை மைக்ரோசாஃப்டிடம் பதிந்துவைக்கும் ஏற்பாடு. பழைய கம்பெனி தன் பட்டியலிலிருந்து அந்த லேப்டாப்பை நீக்காமல் விற்றிருந்தால், இன்றைக்கு நன்றாக ஓடும், நீங்கள் என்றைக்கு ரீசெட் செய்து நெட்டில் இணைக்கிறீர்களோ அன்றைக்கு அந்தக் கம்பெனியின் பெயரோடு அலுவலக மின்னஞ்சல் கேட்கும். பென்டிரைவில் புதிதாகப் போட்டாலும் அதே திரைதான் வரும், பதிவு லேப்டாப்பில் இல்லை, மைக்ரோசாஃப்டின் சர்வரில் இருக்கிறது. அதனால் கடையிலேயே ரீசெட் போடச் சொல்லுங்கள், ஒரு மணி நேரம் ஆகும், ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். பயாஸுக்குள் பாஸ்வேர்டு இல்லாமல் போக முடிகிறதா என்று பாருங்கள், உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, உங்கள் சொந்தக் கணக்கில் டெஸ்க்டாப் வரை போய்ச் சேர்ந்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.